‘முன்னனுபவம் அவசியம்’ என்னும் மூடநம்பிக்கை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பழைய வழக்கு ஒன்றுக்கு 2026 ஜனவரி 19 அன்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று பயிற்சியாளர்களும் விமர்சகர்களும் ரசிகர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அன்றிரவு இண்டியானா பல்கலைக்கழக அணி மயாமியை 27–21 என்று வீழ்த்தி, ஆடிய 16 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் தேசியப் பட்டத்தை எடுத்துச் சென்றது. 2023இல் 12 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றிருந்த அணி அது. தலைமுறை தலைமுறையாகத் தோல்விக்கே பேர் போனது. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். பள்ளிகளில் நட்சத்திரப் பையன்களைத் துரத்தாமல், வேறு கல்லூரிகளில் ஆடித் தேறியவர்களை வரவழைத்தார். இரண்டே பருவத்தில் பட்டம்.

இதிலிருந்து எடுக்கப்பட்ட பாடம்: ஆடியவனையே எடு. பையனின் வேகத்தையும் உயரத்தையும் பார்த்து மயங்காதே. எத்தனை ஆட்டம் ஆடினான், எத்தனை வருடம் களத்தில் நின்றான் என்று பார்.

இந்தப் பாடம் தவறு. அதைச் சொல்லும் முன், தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆடும். கல்லூரிகள் சனிக்கிழமை ஆடும். சில கல்லூரி மைதானங்களில் லட்சம் பேர் உட்காரலாம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிவதைப் பிடிக்க ஓடுபவர்கள் ரிசீவர்கள். அவருக்கு முன்னால் மதில்போல நிற்கும் ஐந்து பேர் லைன்மேன்கள். இவ்வளவு போதும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். 18 வயதுப் பையனும் 23 வயது இளைஞனும் ஒரே களத்தில் மோதும் ஆட்டம் இது; உடம்பில் ஐந்து வருட உடற்பயிற்சி ஏறியவனுக்கு முன்னால் நேற்றுப் பள்ளி முடித்தவன் நிற்க முடியாது. எதிரணி ஒவ்வொரு முறையும் வேறொரு வியூகத்தில் வந்து நிற்கும்; அதைக் கண்ட மாத்திரத்தில் படிக்கப் பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கம் ஆடினால்தான் வரும். பள்ளிப் பையனின் திறமையை மதிப்பிட்டுக் கொடுக்கப்படும் நட்சத்திரங்களோ வெறும் ஊகம். பில் பார்செல்ஸ் என்ற புகழ்பெற்ற என்.எஃப்.எல். பயிற்சியாளர், குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வைத்திருந்தார்: இறுதியாண்டு மாணவராக இருக்க வேண்டும், மூன்று ஆண்டு முதன்மை ஆட்டக்காரராக ஆடியிருக்க வேண்டும், பட்டம் பெற்றிருக்க வேண்டும். என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகப் பிரித்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில், 2017இல் சிகாகோ அணி, கல்லூரியில் 13 ஆட்டங்கள் மட்டும் முதன்மை ஆட்டக்காரராகத் தொடங்கியிருந்த மிட்ச் ட்ரூபிஸ்கியை இரண்டாம் இடத்தில் எடுத்தது. பத்தாம் இடம் வரை காத்திருந்த பாட்ரிக் மஹோம்ஸ் பின்னால் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரரானார். 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து 17 ஆட்டங்களே தொடங்கியிருந்த ட்ரே லான்ஸை வாங்கியது. அடுத்த வருடம் 262ஆம் ஆளாக, கடைசிக்கும் கடைசியாக, அதே அணி எடுத்த பிராக் பர்டி, ஐயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடியவர், அணியை 2024 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுல் வரை கூட்டிச் சென்றார். 61 ஆட்டங்கள் தொடங்கிச் சாதனை படைத்த போ நிக்ஸும், 55 ஆட்டங்கள் தொடங்கிய ஜேடன் டேனியல்ஸும் 2024இல் முதல் வருடத்திலேயே தங்கள் என்.எஃப்.எல். அணிகளை பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

1. இந்த அனுபவசாலிகளுக்கு அனுபவத்தைக் கொடுத்தது யார்? முதல் கேள்வியே இதுதான், இதை ஒருவரும் கேட்பதில்லை. போ நிக்ஸால் 61 ஆட்டங்கள் தொடங்க முடிந்தது, 2019இல் ஆபர்ன் பல்கலைக்கழகம் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாத முதலாண்டு மாணவரான அவரைப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே இறக்கியதால். ஜேடன் டேனியல்ஸால் 55ஐ எட்ட முடிந்தது, அதே 2019இல் அரிசோனா ஸ்டேட் அவரையும் முதலாண்டிலேயே நிறுத்தியதால். பிராக் பர்டியின் நான்கு ஆண்டுகள், 2018 அக்டோபரில் ஐயோவா ஸ்டேட் இந்த முதலாண்டுப் பையனை நம்பிக் களத்தில் விட்ட நாளில் தொடங்கின. எண்ணிக்கையை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் ஐம்பது அறுபது ஆட்டம் தொடங்க ஒரே வழிதான் உண்டு: அனுபவமே இல்லாதபோது ஒருவர் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு தன் சாட்சிகளாக நிறுத்தும் மூவரும், உண்மையில், கன்னித் திறமையை நம்பிய பயிற்சியாளர்களின் சாட்சிகள்.

ட்ரூபிஸ்கியின் கதையையும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அவர் ஏன் 13 ஆட்டங்கள் மட்டும் தொடங்கினார்? வட கரோலினாவில் அவருக்கு மேல் மார்க்கீஸ் வில்லியம்ஸ் என்ற மூத்தவர் இருந்தார். 2014லும் 2015லும் மூத்தவரே ஆடினார், ட்ரூபிஸ்கி பெஞ்சில் இருந்தார். அனுபவத்துக்கு முன்னுரிமை கொடுத்த ஏற்பாட்டின் விளைவுதான் அந்த 13. ஒருவனை ஆடவிடாமல் உட்கார வைத்துவிட்டு, பிறகு ‘இவன் ஆடவே இல்லையே’ என்று அவன் மேலேயே குற்றம் சாட்டுவது என்ன நியாயம்?

2. அனுபவமும் சாதனையும் ஒன்றல்ல. சிக்னெட்டி தேடியது இரண்டாவதை. ஒருவன் என்ன செய்யக்கூடும் என்பதைவிட என்ன செய்திருக்கிறான் என்பதே முக்கியம் என்ற பொருளில் அவர் சொல்லும் வாசகம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதில் எத்தனை வருடம் என்ற பேச்சே இல்லை. டி’ஏஞ்செலோ பாண்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம்; எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக். 2023இல் ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியில் அவரை முதலாண்டிலேயே களத்தில் இறக்கியவர் வேறு யாருமல்ல, அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்த இதே சிக்னெட்டி. ஒரே ஒரு பருவ அனுபவத்தோடு பாண்ட்ஸ் இண்டியானாவுக்கு வந்தார். 2026 ஜனவரி 9 அன்று, பட்டத்துக்கான அரையிறுதியில், ஆரிகன் அணி எறிந்த முதல் பந்தையே பறித்து, எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளி எடுக்கும் டச்டவுன் போட்டார். இண்டியானா 56–22 என்று வென்றது.

இறுதியாட்டத்துக்கே வருவோம். கடைசிக் கால் மணி நேரத்தில், நான்காவது முயற்சியில், தவறினால் பந்து மயாமிக்குப் போகும் என்ற நிலையில், இண்டியானாவின் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா எறிந்த பந்தைப் பிடித்தவர் சார்லி பெக்கர். இரண்டாமாண்டு மாணவர், வேறு கல்லூரியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர் அல்ல, பள்ளியிலிருந்து நேராக வந்தவர், முந்தைய பருவத்தில் பந்து அவர் கைக்கு வந்ததே அபூர்வம். பட்டம் வென்ற பருவத்தின் பிற்பாதியில்தான் அவருக்கு இடமே கிடைத்தது. அனுபவக் கணக்கில் அவர் கடைசி வரிசை. அந்தப் பிடிக்குப் பிறகு சில முயற்சிகளிலேயே, மறுபடியும் ஒரு நான்காவது முயற்சியில், மெண்டோசா தானே பந்தோடு பாய்ந்து டச்டவுன் போட்டார். பட்டத்தைத் தீர்மானித்த அந்தப் படையெடுப்பில் ஆறு வருட மூத்தவரும் ஆறு மாதத்துக்கு முன் அறியப்படாதவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இண்டியானாவை அனுபவத்தின் வெற்றி என்று மட்டும் எழுதுபவர்கள் பாதி அணியை மட்டும் பார்த்தவர்கள்.

3. அதே 2025 பருவம் தரும் மற்ற சாட்சியங்களை ஏன் மறைக்கிறீர்கள்? பருவம் தொடங்கும்போது நிபுணர்கள் போட்ட தரவரிசையில் முதல் நான்கு இடங்கள்: டெக்சஸ், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், கிளெம்சன். இவற்றில் பென் ஸ்டேட்டையும் கிளெம்சனையும் மேலே ஏற்றியது எது? அனுபவம்தான். பென் ஸ்டேட்டின் ட்ரூ ஆலரும் கிளெம்சனின் கேட் கிளப்னிக்கும் மூன்றாவது ஆண்டாக முதன்மை ஆட்டக்காரர்கள். சுற்றிலும் பழைய முகங்கள், என்.எஃப்.எல்.லுக்குப் போகாமல் இன்னொரு வருடம் தங்கியவர்கள். ஒஹாயோ ஸ்டேட்டோ 14 பேரை என்.எஃப்.எல்.லுக்கு அனுப்பிவிட்டு, கல்லூரியில் ஓர் ஆட்டமும் தொடங்கியிராத ஜூலியன் சேயினைக் குவார்ட்டர்பேக்காக நிறுத்தியது.

நடந்தது என்ன? பென் ஸ்டேட் மூன்று சுலப வெற்றிகளுக்குப் பிறகு ஆரிகனிடம் தோற்றது. அடுத்து, அதுவரை ஆடிய நான்கிலும் தோற்றிருந்த யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது, அடுத்து நார்த்வெஸ்டர்னிடம் தோற்றது. அக்டோபர் நடுவே பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்கு வேலை போயிற்று. கிளெம்சனும் சறுக்கியது. பட்டத்துக்கு மோதுவார்கள் என்று சொல்லப்பட்ட இந்த இரண்டு அணிகளும் கடைசியில் உண்மையாகவே மோதின: டிசம்பர் இறுதியில், நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில், ஓர் ஆறுதல் ஆட்டத்தில். இருவரும் ஏழு வெற்றி ஆறு தோல்வி என்று பருவத்தை முடித்தார்கள். சேயினை நிறுத்திய ஒஹாயோ ஸ்டேட், முதல் ஆட்டத்திலேயே முதலிட டெக்சஸை 14–7 என்று வென்று, லீக் ஆட்டங்கள் பன்னிரண்டையும் ஜெயித்தது. பிறகு இண்டியானாவிடம் 13–10 என்றும் மயாமியிடம் 24–14 என்றும் தோற்றது உண்மைதான். ஆனாலும் சேயின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தார். அனுபவ நாயகர்கள் இருவரும் இல்லை.

2025 மட்டும்தானா? 2023இல் பிற கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை வைத்து ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காத ஃபுளோரிடா ஸ்டேட், அதே வைத்தியத்தை 2024இலும் செய்தது. கிளெம்சனிலும் ஆரிகன் ஸ்டேட்டிலும் மூன்று முழுப் பருவங்கள் ஆடியிருந்த டி.ஜே. உயங்கலலேயைக் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்தது. முடிவு: 2 வெற்றி, 10 தோல்வி. ஆட்டக்காரர் பழகியிருந்தார், ஆனால் அவர் பழகியது வேறு பயிற்சியாளரிடம், வேறு வியூகத்தில், வேறு நண்பர்களோடு. அனுபவம் பெட்டியில் கட்டி ஊர் மாற்றினால் அப்படியே வந்து இறங்கிவிடும் என்பது இந்த வாதத்தின் மறைந்திருக்கும் கற்பனை.

4. மிச்சமிருப்பவர்கள் யார் என்று யோசித்தீர்களா? பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரை என்.எஃப்.எல். எடுத்துக்கொள்ளாது. மூன்று ஆண்டு ஆனதும், மேலான திறமை உள்ளவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நான்காவது, ஐந்தாவது வருடமும் கல்லூரியில் இருப்பவர்களில் பெரும்பகுதி அழைப்பு வராததால் இருப்பவர்கள். கோவிட் காரணமாக 2020 பருவம் யாருடைய கணக்கிலும் சேர்க்கப்படாததால் ஆறாவது ஏழாவது வருடம் ஆடியவர்களும் உண்டு. மயாமியின் கேம் மெக்கார்மிக், காயங்களுக்கான சலுகைகளும் சேர்ந்து, 2024இல் கல்லூரியில் ஒன்பதாவது ஆண்டை ஓட்டினார். அவரோடு ஆடிய முதலாண்டுப் பையன்கள் அவர் கல்லூரியில் சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்திருப்பார்கள். ஆக, நீண்ட அனுபவத்தை மட்டும் வடிகட்டி எடுத்தால், உங்கள் கையில் வருவது உச்சத் திறமை ஏற்கெனவே கழிந்துபோன கூட்டம். இப்போது கல்லூரியே பணம் கொடுப்பதால் சில நல்லவர்கள் தங்குகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சல்லடையின் கண் மாறிவிடவில்லை.

கெல்லன் மூர் ஓர் எடுத்துக்காட்டு. பாய்சி ஸ்டேட்டில் நான்காண்டு ஆடி 53 ஆட்டங்களில் 50ஐ வென்றவர். இவரைவிட அனுபவமும் சாதனையும் இருக்க முடியுமா? 2012இல் 32 அணிகளில் ஒன்றும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. தனியாக ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர், இரண்டு ஆட்டங்கள் மட்டுமே தொடங்கி ஓய்வு பெற்றார். ஆட்டத்தைப் படிக்கும் அறிவு அவருக்கு அபாரமாக இருந்தது. அதனால்தான் இன்று நியூ ஆர்லியன்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். தோளில் இல்லாத வலுவை அந்த 53 ஆட்டங்களால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

5. ‘பெரிய மேடையில் சின்னப் பையன் நடுங்கிவிடுவான்’ என்பதற்கு ஆதாரம் எங்கே? 2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். இடைவேளையில் அலபாமா ஜார்ஜியாவிடம் 13–0 என்று பின்தங்கியிருக்கிறது. அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், இரண்டு பருவங்களில் இரண்டே ஆட்டங்கள் தோற்றவர். பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்கார வைத்துவிட்டு, அதுவரை வென்று முடித்த ஆட்டங்களின் வால்பகுதியில் மட்டும் ஆடிக்கொண்டிருந்த டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். முதலாண்டு மாணவர். அவருடைய இடதுபுறத்தைக் காக்கும் லைன்மேனும் காயம் பட்டு வெளியேற, அந்த இடத்துக்கு வந்த அலெக்ஸ் லெதர்வுட்டும் முதலாண்டு. பந்தோடு ஓடிய நஜீ ஹாரிஸ் முதலாண்டு. முதல் டச்டவுனைப் பிடித்த ஹென்றி ரக்ஸும் முதலாண்டு. அலபாமா ஆட்டத்தைச் சமன் செய்தது.

கூடுதல் நேரம். ஜார்ஜியா மூன்று புள்ளிகள் எடுத்தது. அலபாமாவின் முதல் முயற்சியில் டுவா, அனுபவம் இல்லாதவர் செய்யும் தவறை அச்சு அசலாகச் செய்தார்: பந்தை வெளியே எறிந்து தப்பியிருக்கலாம், பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி, 16 யார்டு இழப்பில் தரையில் சாய்க்கப்பட்டார். விமர்சகர்கள் வாதத்தை அங்கேயே முடித்திருப்பார்கள். அடுத்த முயற்சி, 26 யார்டு தேவை. அதே பையன் வலப்பக்கம் பார்ப்பதுபோல் பாவனை காட்டி, நடுவில் நின்ற காவலரை அந்தப் பக்கம் நகர வைத்து, இடப்பக்கம் 41 யார்டு எறிந்தார். பிடித்தவர் டெவோன்டா ஸ்மித், அவரும் முதலாண்டு. 26–23, பட்டம். கண்ணால் எதிரியை ஏமாற்றும் அந்தப் பாவனை வருடக்கணக்கான பழக்கத்தில்தான் வரும் என்று பாடம் சொல்கிறவர்கள் அந்த இரண்டு முயற்சிகளையும் சேர்த்து ஒருமுறை பார்க்கட்டும். தவறும் அவருடையது, திருத்தமும் அவருடையது. நடுவே அரை நிமிடம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். அதே ஆண்டு டிசம்பர் 1, அதே அட்லாண்டா, அதே ஜார்ஜியா. இம்முறை டுவா கணுக்காலில் அடிபட்டு வெளியேற, பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஹர்ட்ஸ் ஆட்டத்தைச் சமன் செய்து, பிறகு தானே ஓடி 35–28 என்று வென்று கொடுத்தார். அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னது? ஆனால் கவனியுங்கள்: அலபாமா திறமையை முன்னால் நிறுத்தியது, அனுபவத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தது. அந்த ஹர்ட்ஸும் 2016இல் முதலாண்டு மாணவராகவே களமிறக்கப்பட்டவர்.

கிளெம்சன் 2018ஐயும் சொல்ல வேண்டும். 18 ஆட்டங்களில் 16 வென்றிருந்த கெல்லி பிரையன்ட்டை விலக்கி, முதலாண்டு ட்ரெவர் லாரன்ஸைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி முதன்மை ஆட்டக்காரர் ஆக்கினார். கோபித்துக்கொண்டு பிரையன்ட் கல்லூரியை விட்டே போனார். அடுத்த ஆட்டத்திலேயே லாரன்ஸுக்கு அடிபட, சிராக்யூஸிடம் தோற்கும் நிலை. மூன்றாம் ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் வந்து 27–23 என்று காப்பாற்றினார். ஆக, முடிவில் ஆபத்து இருந்தது. அந்த ஆபத்தை எடுத்த அணி 15 ஆட்டங்களையும் வென்று, இறுதியில் அலபாமாவை 44–16 என்று நொறுக்கியது. பிரையன்ட் ஆடிய முந்தைய வருடம் அதே அலபாமாவிடம் கிளெம்சன் எடுத்த புள்ளிகள் ஆறு.

மயாமியின் மலக்காய் டோனி பள்ளியை ஓராண்டு முன்னதாகவே முடித்துவிட்டு வந்த பையன். 2025 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில், கடைசிக் கட்டத்தில், பந்தைக் கைநழுவ விட்டார். 3–3 என்று நின்ற ஆட்டம். பயிற்சியாளர்கள் அவரை ஒளித்து வைக்கவில்லை. மறுபடியும் அவரிடமே பந்தைக் கொடுத்தார்கள். அவர் போட்ட டச்டவுனில் மயாமி 10–3 என்று வென்றது.

6. ‘அப்படியானால் நட்சத்திரங்களை நம்பு என்கிறாயா?’ இல்லை. உடலளவைக் கண்டு வாய்பிளக்கும் கூட்டம் என் கட்சி அல்ல. ஃபுளோரிடாவின் ஆந்தனி ரிச்சர்ட்சன் தாண்டிய உயரம் குவார்ட்டர்பேக்குகளில் யாரும் கண்டிராதது; ஓடிய வேகமும் அபாரம். எறிந்த பந்துகளில் ஏறக்குறைய பாதியே சரியான கையில் போய்ச் சேர்ந்தன. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த விஷயம். இண்டியானாபொலிஸ் அவரை 2023இல் நான்காம் இடத்தில் எடுத்தது. 2025க்குள் அவர் இடத்தில் வேறொருவர் ஆடினார். அவருடைய குறை 13 ஆட்டங்கள் என்று சொல்கிறார்கள். ஆபர்னில் 14 ஆட்டங்கள் மட்டும் தொடங்கிய கேம் நியூட்டன் 2015இல் என்.எஃப்.எல்.லின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்றாரே, அவருக்கு மட்டும் அந்தக் குறை ஏன் இல்லை? அந்த 14இல் அவர் தோற்கவே இல்லை. எறிந்த பந்துகளில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இருவரும் ஒன்று. ஆட்டங்களுக்குள்ளே பார்த்தால் இரண்டு வேறு மனிதர்கள். எண்ணுவது சுலபம், பார்ப்பது கடினம், அதனால்தான் எண்ணுகிறோம்.

7. எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் என்பது சோம்பேறித்தனம். லைன்மேன் விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஐந்து பேர் ஒரே நொடியில், ஒருவர் தோளை மற்றவர் உணர்ந்து அசைய வேண்டும். எதிரே வருபவன் இடம் மாறினால் யார் யாரை மறிப்பது என்பதை வாய் திறக்குமுன் முடிவு செய்ய வேண்டும். அங்கே கூடி ஆடிய வருடங்களுக்கு விலை உண்டு. லெதர்வுட்போலத் திடீரென்று வந்து தாங்குபவர் அபூர்வம். நடுப்பின்களத்தில் நின்று மற்றவர்களை நிறுத்தும் சேஃப்டிக்கும் ஏறக்குறைய இதே நியதி. ரிசீவருக்கும் பந்தோடு ஓடுபவருக்கும் எதிராளியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவருக்கும் நிலைமை வேறு. 2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றபோது, இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் 56 யார்டு பந்தைப் பிடித்து நாட்டர்டேமின் கதையை முடித்தவர் முதலாண்டு ஜெரமையா ஸ்மித். எறிந்தவர் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து ஐந்தாவது வருடத்தில் வந்து சேர்ந்த வில் ஹவர்ட். அனுபவத்தை அதற்குரிய இடத்திலும் திறமையை அதற்குரிய இடத்திலும் வைத்த அணி அது. பயிற்சியாளர் அறையில் செய்ய வேண்டிய வேலை இந்தப் பிரிப்புதான். ‘அனுபவசாலிகளை எடு’ என்ற ஒற்றை வரி அந்த வேலையிலிருந்து தப்பிக்கும் வழி.

8. எல்லோரும் அனுபவசாலியையே எடுத்தால் என்ன ஆகும்? 2018இல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் ஒருமுறை இடம் மாறினால் ஓராண்டு உட்கார வேண்டாம் என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2025–26இல் ஒவ்வொரு கல்லூரியும் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். அணியில் 105 இடம். இந்த இடங்களில் இன்னொரு கல்லூரி ஆளாக்கிய 22 வயதுக்காரன் ஒருவன் ஏறும்போது, பள்ளி முடித்த ஒருவன் வெளியே நிற்கிறான். ஐந்து நட்சத்திரப் பையனுக்குக் கவலையில்லை, அவனை யாராவது அள்ளிக்கொள்வார்கள். அடிபடுகிறவன் மூன்று நட்சத்திரக்காரன், தாமதமாக வளர்பவன், சின்ன ஊர்க்காரன். நம் ஊர்ப் பத்திரிகைகளில் ‘முன்னனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, அந்த முன்னனுபவத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமல் விழித்த எவருக்கும் இது புரியும்.

ஜாஷ் ஆலன் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி ஒன்றும் கூப்பிடவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஓராண்டு ஆடினார், ஊர் ஊராக மின்னஞ்சல் அனுப்பினார், கடைசியில் வயோமிங் இடம் கொடுத்தது. 2024 பருவத்தின் என்.எஃப்.எல். மதிப்புமிக்க ஆட்டக்காரர் அவர். அந்த வயோமிங் இன்று தன் இடங்களை முதலில் போர்ட்டலில்தான் தேடும்.

பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வருடத்தில் வெற்றி காட்டாவிட்டால் வேலை போகும் என்னும்போது, மூன்றாம் வருடம் காய்க்கும் மரத்தை அவர் ஏன் நட வேண்டும்? ஆனால் அவருடைய வேலைப் பயத்தை ஆட்டத்தின் தத்துவமாக மாற்றிப் பிரசங்கம் செய்யும் விமர்சகர்களை மன்னிக்க முடியவில்லை. அவர்களுக்கு யாரும் வேலை நீக்க நோட்டீஸ் கொடுக்கப் போவதில்லை.

இண்டியானாவின் நாயகன் மெண்டோசாவின் கதையையே எடுங்கள். மயாமியில் பள்ளி முடித்தபோது அவரைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி அணி கூப்பிட்டது. ஓராண்டு உட்கார வைத்து, 2023இல் அனுபவம் ஏதுமின்றி ஆடவிட்டது. அங்கே அடிபட்டும் சாய்க்கப்பட்டும் இரண்டு பருவம் கற்றுக்கொண்ட பிறகுதான் இண்டியானா அவரை அழைத்தது. 2025இல் ஹைஸ்மன் விருதும் பட்டமும் இண்டியானாவின் கணக்கில் ஏறின.

அவர் போன இடத்தில் பெர்க்லி 2025இல் நிறுத்தியது, ஒரு கல்லூரி ஆட்டமும் ஆடியிராத ஹவாய்க்காரர் ஜாரன்-கெயாவே சாகபொலுடெலேயை. முதலாண்டு மாணவர். அந்தப் பருவத்தில் அவர் 3,000 யார்டுக்கு மேல் எறிந்தார்.